சாந்தா செத்தது எனக்குத் தெரியாது

முதல் நாவலைப் பதிப்பிப்பது எப்படி என்று கேட்டு நீங்கள் எழுதிய கடிதங்கள் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய இருக்கின்றன. ஒன்றுக்கும் நான் ஒழுங்காகப் பதில் போட்டதில்லை. சோம்பல் காரணம் இல்லை. என் முதல் நாவலை நான் எழுதவில்லை. என் வீட்டுக்காரர் எழுதினார்.

இரண்டு கண்ணிலும் அறுவை சிகிச்சை முடிந்த பிறகு எழுதுவதை நிறுத்திவிட்டேன். எழுத்தாளருக்கு ஓய்வே கிடையாது என்று மேடைகளில் சொல்வார்கள். பென்ஷன் கிடையாது என்பதைத்தான் அப்படி அழகாகச் சொல்கிறார்கள். நான் ஓய்வு பெற்றுவிட்டேன். தொழிலில் இல்லாதவள் உண்மை சொன்னால் யாருக்கும் நஷ்டம் இல்லை. புதிதாக இந்தத் தொழிலுக்கு வந்திருக்கிற நீங்கள் கேட்டுக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் ஆவடியில் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அவர் பெயர் ஆரோக்கியசாமி. பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர்ஸ் கிளார்க். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு செய்கிற சின்னக் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தேன். வால்வைக் கையில் எடுத்து, திருப்பிப் பார்த்து, தேறுமா தேறாதா என்று பிரித்துப் போடுவது வேலை. அவர் சாயங்காலம் டீ குடித்த கையோடு உட்கார்ந்து மூன்று வருடமாக ஒரு நாவல் எழுதினார். பெயர் ‘ஒன்பதாவது பெட்டி’. அண்ணனூர் ஷெட்டில் ரயில் பெட்டி கழுவுகிற ராமலிங்கம் என்பவனின் கதை. அவன் மனைவி சாந்தா.

எழுதி முடித்த பிறகுதான் சிக்கல் வந்தது. புத்தகம் போடுகிறவர்கள் முதலில் அனுமதி வாங்க வேண்டும் என்று அவர் ஆபீசில் சொன்னார்கள். அது விதியா வெறும் வழக்கமா என்று யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள மனுப் போடும் தைரியமும் யாருக்கும் இல்லை. பக்கத்து செக்‌ஷன்காரர் ஒருவர் கவிதைத் தொகுப்புக்கு அனுமதி கேட்டிருந்தார். கவிதைகளின் மூன்று பிரதியும், ஒவ்வொரு கவிதைக்கும் பொருள் விளக்கமும் கொடுக்கச் சொல்லிப் பதில் வந்தது. விளக்கம் எழுத உட்கார்ந்த மனிதர் கவிதையையே விட்டுவிட்டார்.

“பிலோ, உன் பேர்ல போட்டுக்கலாமா?” என்று இவர் ஒரு நாள் என்னிடம் கேட்டார்.

“எனக்கு இன்னா தெரியும் அதைப் பத்தி?”

“உனக்கு ஒண்ணும் தெரிய வேணாம். பேர் மட்டும் குடு.”

ரேஷன் கார்டுக்குப் பேர் கொடுக்கிற மாதிரிதான் கொடுத்தேன். அம்பத்தூரில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் டைப் அடித்து, முதல் பக்கத்தில் ‘பிலோமினா’ என்று போட்டு, பூந்தமல்லியில் ஒரு பதிப்பாளருக்கு அனுப்பினோம். தன் பெயரை எங்கும் எழுதக் கூடாது என்று அந்தப் பதிப்பாளர் என்னிடம் வாக்கு வாங்கியிருக்கிறார். ஊரே அவரைப் பாய் என்றுதான் கூப்பிட்டது. பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சந்தில் ஒரு அச்சகம். கல்யாணப் பத்திரிகை, பில் புக், நடுவில் வருடத்துக்கு இரண்டு நாவல். அந்த இரண்டையும் கல்யாணப் பத்திரிகை காப்பாற்றிக்கொண்டிருந்தது.

மூன்று வாரத்தில் ஒரு கார்டு வந்தது. ‘நாவல் படித்தேன். ஆசிரியர் நேரில் வரவும்.’

இங்கேதான் என் முதல் தப்பு. நாவலை நான் முழுதாகப் படித்திருக்கவில்லை. பதினெட்டு அத்தியாயத்தில் பதினொன்றோடு நிறுத்தியிருந்தேன். பதினொன்றில் ஒரு சூரிய அஸ்தமனம் நாலு பக்கத்துக்கு ஓடியது. அது முடிந்தால் மேற்கொண்டு படிக்கலாம் என்று கையெழுத்துப் பிரதியை மூடிவைத்தவள், திறக்கவே இல்லை. அதை அவரிடம் சொல்லவும் இல்லை.

பஸ்ஸில் போகும்போது அவர் எனக்குப் பாடம் நடத்தினார்.

“ரயில் இன்னாத்துக்கு வருதுன்னு கேட்டா, வாழ்க்கைன்னு சொல்லு.”

“சரி.”

“ஒன்பதாவது பெட்டி இன்னான்னு கேட்டா?”

“இன்னா அது?”

“அதுவும் வாழ்க்கைதான்.”

அச்சகத்துக்கு எதிரில் டீக்கடையில் அவர் உட்கார்ந்துகொண்டார். நான் மட்டும் உள்ளே போனேன். பாய்க்கு அறுபது வயதிருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒரு நிக்காஹ் பத்திரிகைக்குப் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டூலைக் காட்டினார். உட்கார்ந்தேன். ரயிலைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

“இன்னாத்துக்கும்மா அந்தப் பொம்பளைய சாவடிச்சே?”

“யாரைங்க?” என்று கேட்டுவிட்டேன்.

பாய் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். “யாரைன்னா? சாந்தாவை.”

சாந்தா செத்தது எனக்கு அப்போதுதான் தெரியும். தெரிந்த பெண் செத்துப்போன சேதியை நடுத்தெருவில் யாரோ சொன்ன மாதிரி இருந்தது. எப்படிச் செத்தாள் என்ற கேள்வி வாய் வரை வந்தது. எழுதியவள் அதைக் கேட்க முடியாது. ‘வாழ்க்கை’ என்று சொல்லலாமா என்றும் ஒரு கணம் தோன்றியது. எதிரில் இருந்தவர் முகம் அந்தப் பதிலை வாங்கிக்கொள்கிற முகமாக இல்லை.

நான் படித்த பதினொரு அத்தியாயத்தில் சாந்தா என்ன செய்தாள் என்று வேகமாக நினைத்துப் பார்த்தேன். காபி கொண்டுவந்து வைத்தாள். இருமினாள். திரும்ப உள்ளே போனாள். அவ்வளவுதான். அதனால் எனக்குத் தெரிந்த ஒரே உண்மையைச் சொன்னேன்.

“அவளை வேற எங்க அனுப்புறதுன்னு தெரியல, பாய்.”

“அவளுக்குப் போக்கிடம் தெரியலையா, உனக்குத் தெரியலையா?”

“எனக்குத்தான்.”

“அப்ப உனக்குத் தெரியாததுக்கு அவ இன்னாத்துக்கு சாவணும்?” என்றார். டைப் அடித்த தாள்களை என் பக்கம் தள்ளினார். “பதினஞ்சு நாள் டைம். கடைசி அத்தியாயத்தை மாத்திக் குடு. உசிரோட இட்டாந்தீன்னா அச்சடிக்கிறேன். இல்லாங்காட்டி எனக்குப் பத்திரிகை வேலை கீது.”

பதிப்பாளர் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது உங்களுக்கு என்னென்னவோ பதில் தோன்றும். பெரிய பதில்களை விட்டுவிடுங்கள். தெரியவில்லை என்பதைத் தெரியவில்லை என்று சொல்கிறவனுக்குத்தான் பதினைந்து நாள் கிடைக்கிறது. இதை நான் ஞானத்தால் சொல்லவில்லை. அன்றைக்கு என்னிடம் வேறு சரக்கு இல்லை.

டீக்கடையில் இவர் எழுந்து நின்றார். “இன்னா கேட்டாரு? ரயிலைப் பத்திக் கேட்டாரா?”

“சாந்தா செத்துட்டாளாமே. என்கிட்ட சொல்லவே இல்ல.”

“நீ கடைசி வரைக்கும் படிக்கவே இல்லையா?” என்றார்.

அந்த முகத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. கோபமாக இருந்தால் சமாளித்திருப்பேன். மூன்று வருடம் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியதை, பக்கத்தில் இருந்தவளே படிக்கவில்லை. ஆவடி வரும்வரை அவர் ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டு வந்தார். அன்று சாயங்காலமே மீதி ஏழு அத்தியாயத்தையும் படித்தேன். சாந்தா ஆஸ்பத்திரியில் காச நோயில் செத்தாள். ராமலிங்கம் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அன்றைக்கும் ஒரு அஸ்தமனம் இருந்தது.

அவர் மாற்றி எழுத உட்கார்ந்தார். உயிரோடு விடச் சொன்னால் அவருக்குக் கை வரவில்லை. முதல் தடவை எழுதியபோது சாந்தாவுக்கு நினைவு தப்பிவிட்டது. இரண்டாவதில் ஆஸ்பத்திரிக் கன்னியாஸ்திரிகளோடு சேர்ந்து மடத்துக்குப் போய்விட்டாள். அவள் அண்ணனூர் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவள் என்பதை பன்னிரண்டாம் அத்தியாயத்தில் இவரே எழுதியிருந்தார். மூன்றாவதில் குணமாகி வீட்டுக்கு வருகிற வழியில் ரயிலில் அடிபட்டாள்.

“உசிரோட கேட்டாரு பாய்” என்றேன்.

“அவ செத்தாத்தான் பிலோ, ராமலிங்கம் தண்டவாளத்தைப் பார்த்துக்கினு நிப்பான். அதான் கதையே.”

“அவ உசிரோட இருந்தா அவன் தண்டவாளத்தைப் பார்க்கக் கூடாதா?”

“எதுக்குப் பார்ப்பான்?” என்று கேட்டார். நிஜமாகவே கேட்டார்.

பத்து நாள் போய்விட்டது. பதினோராம் நாள் அம்பத்தூரில் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனியின் பழைய இன்ஸ்பெக்‌ஷன் தாள்களைத் திருப்பிப் போட்டு நானே எழுத ஆரம்பித்தேன். நாவல் எழுதுகிறோம் என்ற நினைப்பெல்லாம் இல்லை. அந்தப் பொம்பளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தால் என்ன ஆகும் என்று பார்க்கத்தான். பிழைக்க மாட்டாள் என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்ட ஒருத்தி, பையைத் தூக்கிக்கொண்டு தானே நடந்து வருகிறாள். வாசலில் அவளைப் பார்த்தவர்களுக்குச் சந்தோஷம்தான். அதோடு கொஞ்சம் சங்கடமும். ஏனென்றால் அவளுடைய புடவைகளை ராமலிங்கம் ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டிருந்தான். நாத்தனார் ஒன்றைக் கட்டிக்கொண்டுதான் வரவேற்க வந்தாள். சாந்தா ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டு வீடு வீடாகப் போனாள். என் பச்சைப் புடவை, என் அரிவாள்மணை, என் இட்லிப் பானை என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். யாரோடும் சண்டை போடவில்லை. கேட்டாள், அவ்வளவுதான். ஒரு வீட்டில் மட்டும் புடவையைக் கிழித்துத் தொட்டில் கட்டியிருந்தார்கள். உள்ளே குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அங்கே கொஞ்ச நேரம் நின்று ஆட்டிவிட்டு, கேட்காமலே வந்துவிட்டாள்.

அம்பத்தூரிலிருந்து ஆவடி மூன்றாவது ஸ்டேஷன். அதற்குள் ரயிலில் ஒரு பத்தி எழுதலாம். அண்ணனூர் சிக்னலில் வண்டியை நிறுத்திவிட்டால் இரண்டு பத்தி. மற்றவர்கள் சிக்னலைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். நான் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருப்பேன்.

இவரிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டுக் கொல்லைப்புறம் போய்க் கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வந்து, “ராமலிங்கம் இவ்ளோ மோசமானவன் இல்ல” என்றார்.

“மோசமானவன்னு நான் எழுதலையே.”

“புடவையெல்லாம் எடுத்துக் குடுத்துட்டானே.”

“அவ செத்துடுவான்னு நீங்கதானே அவனுக்குச் சொல்லிவெச்சிருந்தீங்க.”

மறுநாள் தாள்களைத் தானே எடுத்துக்கொண்டுபோய் டைப் அடித்துக்கொண்டு வந்தார். ஒரு எழுத்தை மாற்றவில்லை. புண்பட்ட எழுத்தாளர்கள் நிறையப் பேரை அப்புறம் பார்த்திருக்கிறேன். டைப் அடித்துக்கொண்டு வந்தவர் இவர் ஒருவர்தான்.

பாய் அந்த அத்தியாயத்தை என் எதிரிலேயே படித்தார். முடித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார்.

“வூட்டுக்காரர் எங்க? எதுத்தாப்புல டீக்கடையிலயா?”

“ஆமாம் பாய்.”

“முதல் பதினேழும் அவர் எழுதினது. இது நீ எழுதினது. சரியா?”

தலை குனிந்தேன். இனி அச்சாகாது என்று நினைத்தேன்.

“அன்னிக்கே தெரியும்மா. யாரைங்கன்னு கேட்டே பாரு, அப்பவே. அந்தப் பொம்பளை செத்த சேதி உன் மூஞ்சில அப்பதான் வந்து சேர்ந்துச்சு.”

“தெரிஞ்சும் ஏன் பாய் என்கிட்ட எழுதச் சொன்னீங்க?”

“எழுதினவரைக் கூப்ட்டு சொல்லியிருந்தா, மறுபடியும் சாவடிச்சிருப்பாரு. அதான் துக்கம் கேக்க வந்தவளை எழுதச் சொன்னேன்” என்றார். “புஸ்தகத்துக்கு ஒரு பேர் வோணும். அது யார் பேர்ங்கிறது உங்க ஊட்டுப் பஞ்சாயத்து. எனக்கு இன்னாத்துக்கு?”

புத்தகம் வந்தது. பெரிய புகழெல்லாம் இல்லை. நாலு கடிதம் வந்தது. நாலும் கடைசி அத்தியாயத்தைப் பற்றி. இவர் அந்தக் கடிதங்களைப் படித்துப் பார்த்துவிட்டு மடித்து என்னிடம் கொடுப்பார். “உனக்குத்தான் வந்திருக்கு” என்பார். அதில் பொறாமை இருந்ததா என்று கேட்டால், இருந்தது. அதை மறைக்கத் தெரியாத மனிதர் என்பதால்தான் அடுத்த சிக்கல் வந்தது.

தொழிற்சாலை கேன்டீனில் யாரோ அந்த நாவலை எடுத்துவந்து, பதினாலாம் அத்தியாயம் ஒரே இழுவை என்று சொல்லியிருக்கிறார்கள். இவர் சாம்பார் சாதத்தை விட்டுவிட்டு எழுந்து, அந்த அத்தியாயம் ஏன் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று மணி அடிக்கும்வரை வாதாடியிருக்கிறார். மனைவி எழுதிய நாவலுக்காக எந்தப் புருஷனும் அத்தனை கோபப்பட மாட்டான் என்று அங்கே எவனுக்கோ தோன்றியிருக்கிறது. ஒரு மொட்டைக் கடிதம் போனது. அனுமதியில்லாமல் ஆரோக்கியசாமி மனைவி பெயரில் நாவல் போட்டிருக்கிறார், விசாரிக்கவும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, ஆட்டுக்கறியைக் குக்கரில் வைத்திருந்தேன். பாதுகாப்புப் பிரிவு அதிகாரி ஒருவர் வாசலில் நின்றார். பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர், தெற்கத்திக்காரர். ஷூவைக் கழற்றி வாசலில் ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்துவிட்டு உள்ளே வந்தார். கையில் எங்கள் நாவல். நெடுகப் பென்சில் கோடு. இவர் வாத்தியார் முன் நிற்கிற பையன் மாதிரி நின்றார். வேலை, குவார்ட்டர்ஸ், இரண்டும் அந்த மனிதரின் சட்டைப் பையில் இருந்தன.

“ஆரோக்கியசாமி, நீங்க கொஞ்சம் வெளியில இருங்க” என்றார். இவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். ‘வாழ்க்கைன்னு சொல்லாதே’ என்ற மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

“இந்த நாவலை யாரும்மா எழுதினது?”

“அட்டையில பேர் இருக்கே சார்.”

“அட்டையைக் கேக்கல.”

பழைய இன்ஸ்பெக்‌ஷன் தாள்களைக் கொண்டுவந்து கொடுத்தேன். என் கையெழுத்து, என் அடித்தல் திருத்தல். பொறுமையாகப் புரட்டினார். “இது ஒரு அத்தியாயம்தானே. யாராச்சும் சொல்லச் சொல்ல எழுதியிருக்கலாம்லா?” என்றார். பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். “ஒரு பக்கம் எழுதுங்க. இப்ப, என் முன்னால.”

“எதைப் பத்தி சார்?”

“எதைப் பத்தி வேணும்னாலும்.”

நெருக்கடியில் கை தானாகப் பழைய இடத்துக்குத்தான் போகும். மழை, ரயில், அம்மா என்று எழுதலாம். அழகாகவும் வரும். அழகாக வந்தால், மனப்பாடம் செய்துவைத்தது என்பார். முன்கூட்டி யாரும் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவே முடியாத விஷயம் ஒன்று வேண்டும். நிமிர்ந்து பார்த்தேன். எதிரில் அவர் உட்கார்ந்திருந்தார். அவரை எழுதினேன்.

வலது சாக்ஸில் பெருவிரல் வெளியே வந்திருந்தது. அதை இடது பாதத்தால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பார்க்கும்போதெல்லாம் மூடுகிற காலை இன்னும் கொஞ்சம் அழுத்தினார். குக்கர் விசில் அடித்தபோது என்னைக் கேட்ட கேள்வியை ஒரு நொடி மறந்தார். காபி வேண்டாம் என்று சொன்னவர், டம்ளரை உள்ளே எடுத்துப் போகும்வரை அதையே பார்த்தார். ஞாயிற்றுக்கிழமையில் அடுத்தவர் வீட்டுக்கு விசாரணைக்கு வருகிறவருக்குத் தன் வீட்டில் சமையல் ஆகவில்லை போலிருக்கிறது. ஷூவை மட்டும் யாரோ கண்ணாடி மாதிரித் துடைத்துப் பழக்கியிருக்கிறார்கள். சாக்ஸைப் பார்க்க ஆளில்லை. இப்படி ஒரு பக்கம். வேலையும் வீடும் கையில் இருக்கிற மனிதரின் ஓட்டை சாக்ஸை எழுதுகிறோம் என்பது பாதியில்தான் உறைத்தது. நடுவில் நிறுத்தினால் பாதியில் விட்டதாகிவிடும் என்று முடித்துக் கொடுத்தேன்.

ஒரு தடவை படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார். வெளியே இவர் செருப்பைத் தேய்க்கிற சத்தம் கேட்டது.

“விரலை எடுத்துருங்கம்மா” என்றார்.

“அப்போ நான்தான் எழுதினேன்னு ஒத்துக்கிறீங்களா சார்?”

“எடுப்பீங்களா மாட்டீங்களா?”

“எடுத்துடறேன்.”

விரல் இருந்த வரிகளை அடித்துக் கொடுத்தேன். அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். வாசலில் ஷூவை மாட்டிக்கொண்டே கேட்டார். “ஒண்ணு மட்டும் புரியலம்மா. முதல் பதினேழு அத்தியாயம் ஒரு மாதிரி இருக்கு. கடைசி வேற மாதிரி இருக்கு. அது எப்படி?”

“எழுத எழுதத் தேறிட்டேன் சார்.”

அவர் சிரிக்கவில்லை. ஷூ லேஸைக் கட்டி முடிக்கக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டார். “அப்படியே எழுதிருதேன்” என்றார். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன். விசாரிக்க வந்த வீட்டில் சாப்பிடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் கோயிலில் பாவத்தை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னேன். நான் பொய் சொல்லவில்லை சாமி, கேட்டதற்குத்தான் பதில் சொன்னேன் என்றேன். அப்படியானால் எதற்கு இங்கே வந்தாய் என்று சாமியார் கேட்டார். பரிகாரமாக மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார்.

இரண்டு மாதம் கழித்து ஃபைல் மூடப்பட்டது. அதிகாரி எழுதியிருந்த குறிப்பை செக்‌ஷனில் ஒருவர் இவருக்குக் காட்டியிருக்கிறார். ‘நாவலை எழுதியவர் திருமதி பிலோமினாவே. முதல் பதினேழு அத்தியாயங்கள் பயிற்சிக்காக எழுதப்பட்டவை எனத் தெரிகிறது.’

வேலை தப்பியதற்கு இவர் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினார். அந்த இரண்டாவது வரிக்காக ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு நான் நிஜமாகவே எழுத ஆரம்பித்தேன். எழுதாமல் இருக்க முடியாது என்பதெல்லாம் பிறகு வந்தது. முதலில் பயம்தான் காரணம். இன்னொரு அதிகாரி வந்து இன்னொரு தாளை நீட்டினால் கை ஓட வேண்டுமே. அடுத்த நாவலையும் அதற்கடுத்ததையும் பாய்தான் போட்டார். ஒவ்வொன்றிலும் ஒரு கேள்வி கேட்டு என்னைத் திருப்பி அனுப்பினார். இவர்தான் என் முதல் வாசகர். எங்கே இழுவை என்று சரியாகச் சொல்வார். இழுவை எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரிந்த யாருக்கும் தெரியாது. இதை அவரே சொல்லிச் சிரிப்பார்.

தொண்ணூறுகளின் பின்பாதியில் இவர் விருப்ப ஓய்வு வாங்கினார். இனி அனுமதியும் வேண்டாம், அதிகாரியும் வரமாட்டார். அந்தச் சமயத்தில்தான் பாய் ‘ஒன்பதாவது பெட்டி’யை இரண்டாம் பதிப்புப் போட எடுத்தார். நானே பாயிடம் போய், இந்தத் தடவை இரண்டு பேரும் அட்டையில் வரட்டும் என்றேன். பத்து வருடத்துக்கு மேல் அந்தப் பேர் என் கழுத்தில் இருந்த பாரம் எனக்குத்தான் தெரியும். யாராவது மேடையில் அந்த நாவலைப் பாராட்டினால், நான் எழுந்து நின்று கும்பிடுவேன். இவர் கீழே உட்கார்ந்து கை தட்டுவார்.

அட்டையின் புரூஃப் தயாரானதும் இரண்டு பேரும் பூந்தமல்லிக்குப் போனோம். இந்தத் தடவை அவர் டீக்கடையில் உட்காரவில்லை. பாய் ஸ்டூலை அவருக்குப் போட்டார். ‘ஆரோக்கியசாமி – பிலோமினா’ என்று அட்டையில் இருந்தது. அவர் அதைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். பெயரின் மேல் விரலை வைத்துத் தடவினார். பிறகு பாயின் மேஜையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்துத் தன் பெயரை அடித்தார்.

“இன்னாத்துக்கு சார்?” என்றார் பாய்.

“அந்தப் பதினேழும் என்னுதுன்னு ஊருக்கே தெரியணுமா?”

பாய் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். “அப்ப எனக்கு மட்டும் இன்னா தலையெழுத்து?” என்று கேட்டேன். புரூஃப் அப்படியே மெஷினுக்குப் போனது. உங்களில் சிலர் அந்த நாவலைப் படித்துவிட்டு, முற்பகுதி இழுக்கிறதே அம்மா என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். தலையெழுத்து என்றது இதைத்தான். அட்டையில் பேர் இருந்தால், உள்ளே இருப்பதெல்லாம் உங்களுடையது. யார் எழுதியிருந்தாலும் சரி, நீங்களே எழுதியிருந்தாலும் சரி, பதில் நீங்கள்தான் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த தொழில் ரகசியம் இது ஒன்றுதான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இரண்டு பேருக்கும் இடம் கிடைத்தது. பருத்திப்பட்டு தாண்டிய பிறகு அவராகவே பேசினார்.

“பதினேழுக்காக இல்ல பிலோ.”

“பின்னே?”

“கடைசி அத்தியாயத்தைப் படிச்சுட்டு யாராவது வந்து, சார் இதை நீங்க எழுதினீங்களான்னு கேப்பாங்க. இல்லன்னு சொல்ல எனக்கு மனசு வராது. அப்ப நான் பொய் சொல்லணும்.”

“பத்து வருஷத்துக்கு மேல நான் அதைத்தானே சொல்லிக்கினு இருக்கேன்?”

“உனக்கு அது வருது” என்றார். “அதனாலதான் நீ நாவல் எழுதறே. நான் படிக்கிறேன்.”